துறைமுகம் வேறு, நகரம் வேறு: கப்பலில் ஐரோப்பா செல்வோருக்கான கேள்வி–பதில்

அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் செவிலியராகவும் பொறியாளராகவும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருக்கும் பெற்றோரை ஒருமுறையாவது கப்பலில் ஏற்றி ஐரோப்பிய நகரங்களைக் காட்ட விரும்புவது நம் மாவட்டத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் செய்தியாகிவிட்டது. நானும் என் மனைவியும் மூன்று முறை அப்படிச் சென்று வந்தவர்கள் என்பதால், இதுபற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செப்டம்பரில் மனைவியுடன் மத்தியதரைக் கடலில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறேன். அதே கப்பலில் வரவிருக்கும் தமிழர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்துகொள்வதே நல்லது என்கிறார் ஒருவர். அது வீண் செலவு, நாமே போகலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்)

இருவருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் இறங்கிய துறைமுகங்கள் வேறுவேறாக இருந்திருக்கும். ஆகவே யார் எதைச் சொன்னாலும், எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு, வாரத்தில் என்ன கிழமை என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயண அட்டவணையில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் கப்பல் நிற்பது சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிட்டவெக்கியா என்ற ஊரில். நாகர்கோவிலில் இறங்கித் திருநெல்வேலியைப் பார்த்துவிட்டு வருவது போன்ற தூரம் அது. வட ஐரோப்பியக் கடலோரப் பயணங்களில் ‘பெர்லின்’ என்று போட்டிருந்தால் கப்பல் வார்னமுண்டேயில் நிற்கும். அங்கிருந்து பெர்லினுக்குப் போய்வருவது, நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போய் மீனாட்சியைத் தரிசித்துவிட்டு அன்று மாலையே திரும்புவதற்குச் சமம். ‘பாரிஸ்’ என்று போட்டிருக்கும் லு ஹாவ்ர் துறைமுகமும் கிட்டத்தட்ட அவ்வளவு தொலைவுதான். இதற்கு நேர்மாறாக, ஜெனோவாவிலும் நேப்பிள்ஸிலும் கப்பலை விட்டு இறங்கினால் நகரம் எதிரிலேயே இருக்கும், நடந்தே போகலாம். ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகமும் நகர மையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தூரம்தான், மெட்ரோ ரயில் உண்டு. நகரம் பக்கத்தில் இருக்கும் துறைமுகங்களில் சொந்தமாகச் செல்வதும், தூரத்தில் இருப்பவற்றில் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்வதும் நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம்.

ஆண்டைக் கேட்கச் சொன்னது வெனிஸை நினைத்து. கப்பலின் மேல்தளத்தில் நின்றபடியே சான் மார்கோ சதுக்கத்தைப் பார்த்ததாக ஒருவர் மனம் நெகிழ்ந்து சொன்னால், அவர் 2021 ஆகஸ்ட்டுக்கு முன்பு போனவர் என்று அறிந்துகொள்ளுங்கள். அந்த மாதம் முதல் பெரிய கப்பல்கள் சதுக்கத்தின் முன்பாகச் செல்லத் தடை இருக்கிறது. இப்போது அவை மார்கேராவிலோ, திரியெஸ்தேயிலோ, ரவென்னாவிலோ நிற்கின்றன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்குச் சாலை வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். பகலில் மட்டும் வந்து திரும்புவோரிடம் 2024 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் வெனிஸ் நகரம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறது. நேப்பிள்ஸ் அருகே எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய நகரமான பொம்பேயியிலும் 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, நுழைவுச்சீட்டில் பெயரையும் பதிகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் போனவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

கிழமை அதைவிட முக்கியம். ஃபுளோரன்ஸின் உஃபீசி, அகாதெமியா அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். கப்பல் எந்தக் கிழமையில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்பதை நான் புரிந்துகொண்டது ஒரு மாலையில்தான். கிளம்பும் நேரமாகிவிட்டது, நாங்கள் மேல்தளக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தோம். கீழே ஏணிப்படியருகில் சீருடை அணிந்த ஒருவர், கரையில் நின்றிருந்த துறைமுக முகவரிடம் ஒரு கவரைக் கொடுத்தார். முகவர் அதைத் திறந்து சரிபார்த்தபோது உள்ளே இரண்டு கருநீலப் பாஸ்போர்ட்டுகள் தெரிந்தன. முந்தைய இரவு எங்கள் மேசையில் உணவருந்திய தம்பதியினுடையவை அவை என்பது பிறகு தெரிய வந்தது. சொந்தமாகச் சென்ற அவர்களின் ரயில் தாமதமாகிவிட்டது. ஊழியர்கள் அவர்களுடைய கேபின் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கரையில் ஒப்படைத்துவிட்டார்கள், கப்பல் கிளம்பிவிட்டது. அவர்கள் தங்கள் செலவில் விமானம் ஏறி இரண்டு நாள் கழித்து வேறொரு துறைமுகத்தில் எங்களோடு சேர்ந்தார்கள். கப்பல் நிறுவனத்தின் பேருந்து தாமதமாகியிருந்தால் கப்பல் காத்திருந்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்றிருக்கும்.

குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து வேன் அமர்த்துவதானால் தாராளமாகச் செய்யுங்கள், தலைக்கு வரும் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் உங்கள் நடை வேகத்துக்கு ஒத்தவர்களோடு சேருங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முந்தைய நாளே பேசி முடித்துவிட வேண்டும்.

கேள்வி: தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட இடத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் ஆசை. கப்பல் ரோமில் ஒரு பகல் மட்டுமே நிற்கிறது. சுற்றுலாவில் சேராமல் நாங்களே போய்வர இயலுமா?
(வாசகி, கோட்டாறு)

இயலும். மேலே சொன்ன என் வழக்கத்துக்கு விலக்காக ஒரு துறைமுகம் உண்டென்றால் அது சிவிட்டவெக்கியாதான், ஏனெனில் அங்கிருந்து ரயில் நேராக வத்திக்கான் அருகிலேயே போய் நிற்கிறது. நட்டாலத்தில் பிறந்து, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் உயிர்நீத்து, உங்கள் ஊர்ப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டவருக்கு 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியது புனித பேதுரு சதுக்கத்தில். அன்று பட்டம் பெற்ற பத்துப் பேரில் அவரும் ஒருவர். உங்கள் தாயாரின் ஆசை ரோம் முழுவதையும் பார்ப்பதல்ல, அந்த ஒரு சதுக்கத்தில் போய் நிற்பது. அதை மட்டுமே நோக்கமாக வைத்துக்கொண்டால் ஒரு பகல் தாராளமாகப் போதும்.

கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஏழு மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கூட்டம் குறைந்து இறங்க எட்டாகிவிடும். துறைமுகத்தின் ஷட்டில் பேருந்து வாயில்வரை கொண்டுவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு. பயணச்சீட்டைக் காகிதமாக வாங்கினால், ரயிலில் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும், மறந்தால் அபராதம். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் ரோமா சான் பியெத்ரோ. ரோமின் பெரிய நிலையமான தெர்மினி வரை போய்விடாதீர்கள். சான் பியெத்ரோவிலிருந்து சதுக்கத்துக்கு மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். பத்து மணிக்கு அங்கே இருக்கலாம், மூன்று மணி அளவில் திரும்ப ரயிலேறினால் மனப்பதற்றம் இராது.

சதுக்கத்தைச் சுற்றி நான்கு வரிசைகளாக நிற்கும் 284 தூண்களின் நிழலில் உங்கள் தாயாரைச் சற்று உட்கார வையுங்கள். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசைதான் நீளமாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. சேலை கட்டியவருக்கு ஒரு தடையும் இல்லை, வேட்டி கட்டியவர் மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டிருந்தால் போதும். உள்ளே போனதும் வலப்பக்க முதல் சிற்றாலயத்தில், இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளை மைக்கலாஞ்சலோ பளிங்கில் வடித்த சிற்பம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

நீங்கள் போகும் நாள் புதன்கிழமையானால், திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு காரணமாகக் காலையில் பேராலயத்துக்குள் செல்ல முடியாமல் போகலாம். ஆனால் திருத்தந்தை ரோமில் இருக்கும் வாரமாக இருந்தால் அந்தச் சந்திப்பிலேயே கலந்துகொள்ளலாம், அனுமதிச்சீட்டு இலவசம். ஞாயிறானால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் மாளிகைச் சன்னலில் தோன்றி மூவேளைச் செபம் சொல்வார். உங்கள் தாயாருக்கு இவை இரண்டில் எது கிடைத்தாலும் பெரும் பேறு.

குடிநீருக்குச் செலவிட வேண்டாம். ரோம் முழுவதும் தெருவோரம் வளைந்த மூக்குப் போன்ற குழாயுடன் இரும்பு நீரூற்றுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது, குளிர்ச்சியாகவும் இருக்கும். காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் பயணத்தில் கிரீஸ், துருக்கி, மீண்டும் கிரீஸ் என்று வருகிறது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதுமா?
(வாசகர், தக்கலை)

ஷெங்கன் விசா பலமுறை நுழைவு அனுமதியுடன் இருக்க வேண்டும். துருக்கியில் கப்பல் நிற்கும்போது நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியவராவீர்கள், ஒருமுறை நுழைவு விசாவில் மறுபடி கிரீஸுக்குள் வர முடியாது. மாண்டினீக்ரோவின் கோட்டோர், சைப்ரஸ், மொராக்கோ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. துருக்கியின் விசா விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாள்களுக்குக் குறைவாக இருக்கும்போது கொடுக்க முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. கிரீஸின் சாண்டோரினித் தீவில் படகில் இறங்க வேண்டும் என்கிறார்களே?
(வாசகர், குளச்சல்)

ஆம், அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுநீரில் நிறுத்தி, சிறு படகுகளில் கரைக்கு அழைத்துச் செல்வார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறியிருப்பீர்கள். படகு ஏறி இறங்கும்போது கைபிடித்துத் தூக்கிவிடுவார்களே, அதேபோல்தான். உங்கள் தாயார் அந்தப் படகில் சிரமமின்றி ஏறுவாரானால் இதிலும் ஏறுவார். புறப்படும் முன் ஒருமுறை கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்று பார்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். நம் ஊரில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்துவது போல அங்கும் காற்று பலமானால் கப்பல் நிற்காமலே போய்விடும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்தி வையுங்கள்.

கரையேறிய பிறகுதான் உண்மையான சிரமம். ஊர் மலையுச்சியில் இருக்கிறது. மேலே போகக் கிட்டத்தட்ட 600 படிகள் அல்லது கேபிள் கார். படிகளில் கழுதைகளும் ஏறி இறங்குவதால் வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். கேபிள் காரில் மேலே போக மூன்று நிமிடம்; ஆனால் மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க நினைப்பதால் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரிடும். முதல் படகுகளில் போய், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கிரீஸில் நேரம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கப்பல் கிரேக்க நேரத்தில் ஓடும்போது இத்தாலியில் இறங்கினால், உங்கள் கைபேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் காட்டும்; அதை நம்பினால் கப்பலைத் தவறவிடுவீர்கள். நான் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டு, பயணம் முடியும்வரை அதை மட்டுமே பார்ப்பேன். நடுக்கடலில் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செயற்கைக்கோள் ரோமிங் கட்டணம் கையைக் கடித்துவிடும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
(வாசகி, நாகர்கோவில்)

கிடைக்கும். முதல் இரவே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டால், மறுநாளுக்கான சைவ உணவைத் தனியாகச் செய்து தருவார்கள். சமையலறையில் இந்தியர்கள் பலர் இருப்பார்கள். ஊரிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோகலாம். பால் பொருள்களையும் இறைச்சிப் பண்டங்களையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவர அனுமதியில்லை.

கேள்வி: போன மாதம் பயணம் முடித்துத் திரும்பினேன். அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும்படி குறிப்பு எழுத விரும்புகிறேன். எதையெல்லாம் எழுதலாம்?
(வாசகர், திருவட்டாறு)

உங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் மார்த்தாண்டத்து ஆசிரியரின் குழப்பம் தீரும். அழகாக இருந்தது, அருமையாக இருந்தது என்பதைச் சுருக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். பீசாவுக்கும் ஃபுளோரன்ஸுக்குமான துறைமுகமான லிவோர்னோவைப் பற்றி நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருப்பது இவ்வளவுதான்: “மே மாதம், செவ்வாய். எட்டரைக்கு இறங்கினோம். துறைமுகத்துக்குள் நடக்க விடுவதில்லை. ஷட்டில் ஊருக்குள் விடுகிறது. ரயிலில் பீசா இருபது நிமிடத்துக்குள். நிலையத்திலிருந்து சாய்ந்த கோபுரம் நடை அரை மணி. ஃபுளோரன்ஸ் போகவில்லை, நேரம் போதாது. மூன்றரைக்குக் கப்பல்.” இதைப் படித்து எத்தனையோ பேர் தங்கள் நாளைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த விலையை எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுதுங்கள். எங்கே ஏமாந்தீர்கள், எங்கே வழி தவறினீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். கழிப்பறை எங்கே இருந்தது, அதற்கு எவ்வளவு சில்லறை தேவைப்பட்டது என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். சர்க்கரை நோயுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான்.