எந்த பட்டன் வேலை செய்யும், எது கண்துடைப்பு? பிரைவசி கேள்வி பதில்

கேள்வி (மதுரை): மிக்சி ஜார் உடைந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் இன்ஸ்டாகிராமில் மிக்சி விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதா சார்? சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: இல்லை. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை இதற்காகவே சோதித்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பியது என்று ஒன்றுகூட சிக்கவில்லை. சிக்கியது வேறு: சில ஆப்கள் திரையில் நீங்கள் செய்வதைப் படம்பிடித்து வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நாள் முழுக்க ஒலியை அனுப்பினால் டேட்டா கணக்கும் பேட்டரியும் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் மைக் திறந்திருந்தால் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சுப் புள்ளி.

ஒரு விதிவிலக்கு உண்டு, குரல் உதவியாளர்கள். கூப்பிடாமலேயே விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்தது என்று ஆப்பிளின் சிரி மீது போட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 9.5 கோடி டாலர் தர 2025 ஜனவரியில் ஆப்பிள் இசைந்தது. தேவையில்லாதவர்கள் அதை அணைத்துவிடலாம்.

மிக்சி எப்படி வந்தது? வீட்டில் வேறு யாரோ அதே வைஃபையில் ஜார் விலை தேடியிருப்பார்கள். அந்தக் கடையின் இணையதளத்தில், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் (பழைய பெயர் பேஸ்புக்) 'பிக்சல்' என்ற கண்காணிப்பு நிரல் இருந்தால் அந்த வருகை மெட்டாவுக்குப் போகும். இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. பில் போடும்போது 'மொபைல் நம்பர் சொல்லுங்க' என்கிறார்களே, அந்த எண்களை மொத்தமாக மெட்டாவில் ஏற்றி, 'இவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டு' என்று சொல்லும் வசதி கடைக்காரருக்கு உண்டு. ஒட்டுக்கேட்பதற்கான அவசியமே இல்லை. கவுன்டரில் நம்பர் தராமலும் பில் வாங்கலாம்.

கேள்வி (அதே வாசகர்): சரி, எதை அணைப்பது?

பதில்: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போய் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுங்கள். ஆப்கள் உங்களை அடையாளம் காணும் பொது எண் வெறும் பூஜ்ஜியங்கள் ஆகிவிடும். விளம்பரம் குறையாது, குறிபார்த்து வருவது குறையும். கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை 3 மாதத்தில் தானாக அழியும்படி வையுங்கள். 18, 36 மாதம் என்றும் காட்டும், ஆசைப்பட வேண்டாம்.

இன்ஸ்டாகிராமில் அக்கவுன்ட்ஸ் சென்டருக்குள் 'ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ்' இருக்கும். பழையதை அழித்து, இனிமேல் இணைக்காதே என்று வைக்கலாம். இதைச் செய்தால் பேஸ்புக் வழியாக லாகின் செய்த மற்ற தளங்கள் உங்களை வெளியே தள்ளிவிடும். முதலில் அவற்றுக்கு மெயில், பாஸ்வேர்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் 'அலவ் ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு ட்ராக்' என்பதை அணைத்தாலே போதும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5-உடன் இந்தக் கட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் அடி விழும் என்று மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. ஒரு பட்டன் உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, அதை அணைத்தால் யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது நல்ல வழி.

கேள்வி (கோவை): வாட்ஸ்அப்பில் அனுப்புவதை யாராலும் படிக்க முடியாது என்கிறார்கள். அப்புறம் ஏன் பேஸ்புக் 2014-ல் 1,900 கோடி டாலர் கொடுத்து வாங்கியது?

பதில்: 2016 முதல் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டுதான் போகிறது. அந்தப் பூட்டு நல்ல பூட்டு. ஆனால் கடிதத்தைப் படிக்க முடியாத தபால்காரருக்கும் யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை முறை எழுதுகிறார்கள் என்பது தெரியும். உங்கள் தொடர்புப் பட்டியல், குழுவின் பெயர், ஐபி முகவரி, போன் மாடல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இந்த விவரங்களை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர்வது பற்றிய 2021 கொள்கைக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

பூட்டு திறக்கும் இடங்கள் மூன்று. யாராவது உங்களை ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். மெட்டா ஏஐ-யிடம் கேட்பது மெட்டாவிடமே கேட்பது. மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: கூகுள் டிரைவ், ஐகிளவுட் பேக்அப். நீங்களாக இயக்காதவரை அதற்கு இந்தப் பூட்டு கிடையாது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்அப், அங்கே 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்அப்'. பாஸ்வேர்டு அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். அதை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். நீங்கள் பூட்டினாலும் எதிராளியின் பேக்அப் திறந்து கிடந்தால் அதே உரையாடல் அங்கே திறந்துதான் இருக்கும். இதற்கு மருந்து இல்லை, அவரையும் பூட்டச் சொல்வதைத் தவிர.

இதோடு 6 இலக்க டூ ஸ்டெப் பின் வைத்து, மீட்புக்கு மெயிலும் சேருங்கள். மாதம் ஒருமுறை 'லிங்க்ட் டிவைசஸ்' பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, பிரவுசரின் இன்காக்னிட்டோ மோடு எல்லாவற்றையும் மறைக்குமா?

பதில்: அது உங்கள் லேப்டாப்பை அடுத்து எடுக்கும் ஆளிடமிருந்து மட்டும் மறைக்கும். கல்லூரி வைஃபை, இணைய நிறுவனம், போகும் தளம் ஆகியவற்றுக்கு மறைவு இல்லை. இதை மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும்படி கூகுள் வைத்திருந்தது என்ற வழக்கை முடிக்க, கோடிக்கணக்கான உலாவல் பதிவுகளை அழிக்க 2024-ல் அது சம்மதித்தது.

கேள்வி (சென்னை): இலவச விபிஎன் போட்டிருக்கிறேன். பாதுகாப்புதானே?

பதில்: விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் ஆப். இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது முகம் தெரியாத இன்னொருவர் பார்க்கிறார், அவ்வளவே. ஓனவோ என்ற இலவச விபிஎன்-ஐ 2013-ல் பேஸ்புக் வாங்கியது. 'உங்கள் தரவைப் பாதுகாக்கும்' என்று விளம்பரப்படுத்திவிட்டு, எந்த ஆப்பை மக்கள் அதிகம் திறக்கிறார்கள் என்பதை அதை வைத்தே கணக்கெடுத்தது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-ல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

விபிஎன் போட்டுக்கொண்டு கூகுளில் லாகின் செய்திருந்தால் கூகுளுக்கு நீங்கள் நீங்கள்தான். வங்கித் தளங்கள் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப் பூட்டில்தான் இயங்குகின்றன. இந்தியாவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன் பிறகு நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க் ஆகிய மூன்று விபிஎன் நிறுவனங்களும் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

உங்கள் நோக்கம் விளம்பரத்தைத் தடுப்பது என்றால் விபிஎன்-ஐ விட ஆண்ட்ராய்டின் 'பிரைவேட் டிஎன்எஸ்' (தளப் பெயர்களை முகவரியாக மாற்றும் சர்வரை நீங்களே தேர்வுசெய்யும் வசதி) நல்லது. விளம்பரத் தடுப்பு நிறுவனமான ஆட்கார்டின் தளத்தில் தரும் முகவரியை அங்கே போட்டால் பெரும்பாலான ஆப் விளம்பரங்கள் நின்றுவிடும். யூடியூப் விளம்பரம் நிற்காது, வீடியோ வரும் அதே சர்வரிலிருந்துதான் அதுவும் வருகிறது. ரயில் நிலைய வைஃபையில் லாகின் பக்கம் திறக்காமல் நின்றால் இதைத் தற்காலிகமாக 'ஆஃப்' செய்யுங்கள். பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்சும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியும் போதும். குரோமில் அந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது ஓடாது.

கேள்வி (திருநெல்வேலி): ஸ்மார்ட் டிவியில் நான் கேபிள்தான் பார்க்கிறேன். அதிலும் வேவு பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஏசிஆர் என்ற தொழில்நுட்பம், திரையில் ஓடும் படத்தைத் துண்டு துண்டாகக் கைரேகை போல எடுத்து சர்வரில் ஒப்பிட்டு, என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும். எச்டிஎம்ஐ வழியாக வரும் செட்டாப் பாக்சும் தப்பாது. டிவிக்கு அது வெறும் படம்தானே. விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது.

சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. இரண்டையும் அணையுங்கள். டிவியை ரீசெட் செய்தால், முதல் திரையில் 'அக்ரி ஆல்' அழுத்தும் வேகத்தில் இவை திரும்ப உயிர்பெறும். கேபிள் மட்டுமே பார்ப்பவர் டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டே தராமல் விடலாம்.

கேள்வி (ஈரோடு): பழைய போனை விற்கப் போகிறேன். ரீசெட் செய்தால் படங்களை மீட்டுவிடுவார்களாமே. வீடியோவாக நிரப்பி அழிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாத வேலை. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் முதல் எல்லாமே மறையாக்கத்தோடுதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டோடுதான் வருகின்றன. ரீசெட் செய்யும்போது சாவி அழிகிறது, மிஞ்சுவது குப்பை எழுத்துகள். சிக்கல் வருவது வரிசையை மாற்றிச் செய்யும்போது.

முதலில் ஆதென்டிகேட்டர் ஆப்பை (லாகினுக்கு மாறும் எண் தரும் ஆப்) புதிய போனுக்கு க்யூஆர் வழியாக மாற்றி, ஒரு லாகினைச் சோதித்துப் பாருங்கள். இதை மறந்து ரீசெட் செய்தவர்கள்தான் மெயிலுக்கு வெளியே நிற்கிறார்கள். அடுத்து வாட்ஸ்அப் பேக்அப், பிறகு யுபிஐ ஆப்களில் வங்கிக் கணக்கை நீக்குவது. சிம், மெமரி கார்டு இரண்டையும் உருவுங்கள். மெமரி கார்டு பெரும்பாலும் மறையாக்கம் இல்லாதது, அதைப் போனோடு தரவே வேண்டாம். அதன் பிறகு கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் உள்ளிருந்து ரீசெட். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரிக்கவரி வழியாகச் செய்தால் எஃப்ஆர்பி பூட்டு விழும், பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். வாங்கியவர் உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு இரவு பத்து மணிக்குப் போன் செய்வார். ஐபோனில் 'ஃபைண்ட் மை' அணைக்காவிட்டால் இதே கதை.

விற்காமல் டிஸ்பிளே மாற்றத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், கடைக்காரர் கேட்டதும் பின் நம்பரைச் சொல்லாதீர்கள். சாம்சங்கில் 'மெயின்டெனன்ஸ் மோட்', கூகுளின் பிக்சல் போனில் 'ரிப்பேர் மோட்' உண்டு. உங்கள் படங்கள், ஆப்கள் மறைந்து காலிப் போன் போலத் தெரியும். தொடுதிரையும் கேமராவும் சோதிக்க அதுவே போதும்.

கேள்வி (சேலம்): ஜெராக்ஸ் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். வேறு வழி?

பதில்: ஆதார் தளத்தில் 'மாஸ்க்ட்' வகையைத் தேர்ந்து பிடிஎஃப் இறக்குங்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். அந்தக் கோப்பு பூட்டோடுதான் வரும்: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. பூட்டைத் திறக்காமல் அப்படியே கடைக்கு அனுப்பி, பாஸ்வேர்டை அவர்கள் கீபோர்டில் நீங்களே தட்டுங்கள். பிரின்ட் ஆன பிறகு அவர்கள் டவுன்லோட்ஸில் கிடப்பது பூட்டிய கோப்புதான். போட்டோ எடுத்து அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் இறங்கிய நகல் போகாது. நகலின் குறுக்கே எதற்காகத் தருகிறீர்கள், என்ன தேதி என்று பேனாவால் எழுதுங்கள்.

விரல்ரேகையை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடிகள் நடந்திருப்பதால், ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பது நல்லது. ரேஷன் கடையில் விரல் வைத்ததும் 330 என்று பிழை வந்தால் பதற வேண்டாம், பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பா வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலான ஏபிகே-யை (ஆப் நிறுவும் கோப்பு) திறந்துவிட்டார். இப்போது என்ன செய்ய?

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், சிம்மை உருவுங்கள். அந்த ஆப் எஸ்எம்எஸ் அனுமதியை வாங்கி ஓடிபி-களை வெளியே அனுப்பும். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து யுபிஐ, நெட்பேங்கிங் இரண்டையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிறகு சேஃப் மோடில் (வெளி ஆப்கள் ஓடாத நிலை) ஆப்பை நீக்குங்கள். 'அன்இன்ஸ்டால்' மங்கலாக இருந்தால் அது டிவைஸ் அட்மின் உரிமை வாங்கியிருக்கிறது, அதையும் ஆக்சசிபிலிட்டி அனுமதியையும் முதலில் எடுங்கள். சந்தேகம் மிஞ்சினால் முழு ரீசெட்.

கேள்வி (பெங்களூரு): தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் வந்துவிட்டதே, இனி நிறுவனங்கள் பயப்படாதா?

பதில்: சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அந்தப் பணம் அரசின் கஜானாவுக்கு. தரவு கசிந்த உங்களுக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. உங்கள் தரவைக் காட்டச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் உரிமை இருக்கிறது, அந்த அவகாசம் முடிந்து நடைமுறைக்கு வந்ததும் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் ஐபோனுக்கு மாறிவிடலாமா?

பதில்: ஆப்களைக் கட்டுப்படுத்துவதில் ஆப்பிள் மேல். ஆனால் சஃபாரியில் கூகுளே முதல் தேடலாக இருக்க 2022-ல் மட்டும் கூகுளிடமிருந்து ஆப்பிள் 2,000 கோடி டாலர் வாங்கியது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியானது. பிரைவசி விற்கும் கடைக்கும் வாடகை அங்கிருந்து வருகிறது. அதோடு ஐகிளவுட் பேக்அப்பின் சாவி, 'அட்வான்ஸ்ட் டேட்டா ப்ரொடெக்ஷன்' போடாதவரை ஆப்பிளிடமும் இருக்கும். அதற்காக மட்டும் கூடுதலாக நாற்பதாயிரம் செலவழிக்க வேண்டாம். இருக்கும் போனில் மேலே சொன்னவற்றைச் செய்யுங்கள்.

கேள்வி (திருச்சி): லேப்டாப் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா? சிரிக்கிறார்கள்.

பதில்: ஒட்டுங்கள். 2016-ல் மார்க் சக்கர்பெர்க் வெளியிட்ட படத்தில் அவர் மேசையிலிருந்த லேப்டாப்பின் கேமரா டேப் ஒட்டி மூடியிருந்தது. நகர்த்தும் பிளாஸ்டிக் மூடி மட்டும் வேண்டாம். மேக்புக்கில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எதையும் வைத்து மூடினால் டிஸ்பிளே விரிசல் விடலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. ஒரு துண்டு காகிதமும் ஓரத்தில் செலோ டேப்பும் போதும். பசை லென்ஸில் படாமல் ஒட்டுங்கள்.