சான்றிதழ் வரும் வரை காய்ச்சல் காத்திருக்காதுங்க

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மலையிலிருந்து, மீதி பனியன் கம்பெனிப் பக்கமிருந்து. சுகாதார ஆய்வாளராக இரண்டு பக்கமும் அலைந்தவன் என்பதால் எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாங்க பர்கூர் மலைங்க, மலையாளி இனம் (கேரளாக்காரங்க இல்லைங்க, மலைச் சனம்). கொல்லிமலையில இருக்கற சொந்தக்காரங்களுக்கு எஸ்.டி. சான்று இருக்குது, எங்களுக்கு இல்லை. இன்சூரன்ஸ் கார்டு, பிரசவப் பணமெல்லாம் கிடைக்குமுங்களா?

கிடைக்கும். முதலில் அந்தக் குழப்பத்தின் வேரைச் சொல்லிவிடுகிறேன். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களையும் எழுதியிருக்கிறார்கள்: தருமபுரி, சேலம், திருச்சி, புதுக்கோட்டை, வட ஆற்காடு, தென் ஆற்காடு. கொல்லிமலை பழைய சேலம் மாவட்டம், அதனால் உள்ளே வந்துவிட்டது. உங்கள் பர்கூர் இருக்கிற ஈரோடு 1979 வரை கோவை மாவட்டம். பட்டியலில் கோவை இல்லை, நீங்கள் வெளியே நின்றுவிட்டீர்கள். பொண்ணு கொடுத்து எடுக்கிற சனம்தான், ஆனால் பட்டியல் மாவட்ட எல்லையைத்தான் பார்க்கிறது.

ஆனால் வைத்தியத்துக்கும் சாதிச் சான்றுக்கும் சம்பந்தமில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வருமானத்தைப் பார்ப்பது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் இந்தக் கார்டு, காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் (பணம் 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு, ஆக 18,000) எஸ்.டி.க்கு மட்டுமானதல்ல. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவம், ஏழைக் குடும்பம், அவ்வளவுதான். கவுண்டரில் யாராவது "சாதிச் சான்று கொண்டாங்க" என்றால், எந்த உத்தரவில் அப்படி இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடனே பல பேருக்கு விதி ஞாபகம் வந்துவிடும்.

சான்று இல்லாததால் உங்களுக்கு உண்மையில் அடி விழுவது வன உரிமையில். 2006 சட்டப்படி பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அதற்கு முந்தைய 75 வருடக் குடியிருப்பைக் காட்ட வேண்டும். 1930-ல் உங்கள் பாட்டன் மாடு மேய்த்ததற்கு யாரிடம் ரசீது வாங்குவது? அந்தச் சண்டை தனி. அதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உடுமலைக்கு மேலே எங்கள் செட்டில்மெண்டுக்கு ரோடு இல்லை. மருமகளுக்கு எட்டு மாதம். வலி வந்தால் தொட்டில் கட்டித்தான் தூக்கி வரணும். வேறு வழி உண்டா?

வலி வரும் முன்னமே இறங்கிவிடுவதுதான் வழி. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து துணையோடு தங்கிக்கொள்ளலாம். எங்கே இடம் என்று உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே கேளுங்கள், ஒன்பதாம் மாதம் வரை விடாதீர்கள்.

தொட்டில் தூக்கிய ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஆடி மழை. மூங்கிலில் கம்பளியை முடிச்சுப் போட்டு, அதற்குள் அந்தப் பிள்ளை முழங்காலை மடக்கிக் கிடக்கிறாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நான் டார்ச் பிடித்தேன். பாறை இறக்கத்தில் முன்னால் போனவன் கால் வழுக்கி மூங்கில் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை, கம்பளியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். கீழே வந்து பார்த்தால் எங்கள் எல்லார் காலிலும் அட்டை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் அதைத் திட்டம் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

காத்திருப்பு அறைக்குப் பெண்கள் வர மறுப்பது அறியாமையால் என்று எங்கள் கூட்டங்களில் பேசுவார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டை யார் பட்டியில் அடைப்பது, மூத்த பிள்ளைக்கு யார் களி கிண்டிப் போடுவது என்பதுதான் அவள் கவலை. கூட வருகிற மாமியாருக்குக் கூலி போகிறது. அதற்கு வீட்டில் ஒரு ஏற்பாடு பண்ணிவிடுங்கள், மருமகள் தானே கிளம்பி வருவாள். பிரசவம் முடிந்து திரும்ப 102 வண்டி இலவசம். ரோடு முடிகிற இடம் வரைக்கும்தான், வேறென்ன செய்ய.

ஆனைகட்டிப் பக்கம், இருளர். முகாமில் ரத்தம் எடுத்து, மகளுக்கு 'சிக்கில் செல்' இருக்குது, 'கேரியர்' என்று கார்டு கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் பண்ணலாமா?

தாராளமாக. கேரியர் என்றால் நோயாளி இல்லை. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற குணத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கியிருக்கிறாள். மாப்பிள்ளையும் கேரியராக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை நோயோடு பிறக்க வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் கலைக்கிறார்கள். பதிக்குள்ளேயே (உங்கள் ஊர்களுக்குள்ளேயே) சம்பந்தம் பேசுவதால் ஜாதகத்துக்கு முன்னால் இந்தக் கார்டைப் பாருங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம், மாப்பிள்ளை வீட்டாரையும் போகச் சொல்லுங்கள்.

நோயே உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரில் நனையக் கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டாக்டர் எழுதிய ஹைட்ராக்ஸியூரியாவை வலி இல்லாத நாளிலும் நிறுத்தக் கூடாது. சோகை என்றவுடன் இரும்புச் சத்து மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவதும் வேண்டாம்.

திருப்பூரில் எங்க லைன் வீட்டில் ஒடிசாக்காரத் தம்பதி. அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மாசம். 'நாங்க வெளி மாநிலம், இங்கே பார்க்க மாட்டாங்க' என்று பயப்படுகிறது. என்ன சொல்வது?

கையைப் பிடித்துப் பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், அதுதான் பெரிய உதவி. கர்ப்பப் பதிவு எல்லாருக்கும் உண்டு. பதிவு எண் இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்று வாங்க அலைய வேண்டிவரும். ஊருக்குப் போனாலும் தாய்-சேய் அட்டையைத் தொலைக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

புருசன் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதம் 21,000-க்குள் சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ.க்கு அவரிடம் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 போட வேண்டும். பிடித்திருந்தால் மனைவிக்கும் வைத்தியம் உண்டு. அவளும் வேலை பார்த்து, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாள் பணம் கட்டியிருந்தால், 26 வாரம் பிரசவச் சம்பளம் கிடைக்கும். பீஸ் ரேட், காண்ட்ராக்ட் என்று சொல்லிச் சீட்டே கொடுக்காத இடங்கள் நிறைய. "இன்சூரன்ஸ் நம்பர் என்ன?" என்று கம்பெனியில் அவரையே கேட்க வையுங்கள். ரேஷனுக்கு ஊரிலிருந்து கார்டு மாற்ற வேண்டியதில்லை, 2020 அக்டோபர் முதல் ஆதார் விரல்ரேகை வைத்து இங்கேயே வாங்கலாம்.

நரிக்குறவர் குடும்பம், ஈரோடு. பையனிடம் பழைய எம்.பி.சி. சான்று. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். 2023 ஜனவரியிலிருந்து நீங்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறீர்கள். எஸ்.டி. சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான். இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்பாவுக்குக் காசநோய். மாசம் பணம் தருவாங்களாமே?

ஆமாம், 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000, சிகிச்சை முடியும் வரை. மாத்திரை வாங்குகிற இடத்திலேயே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். அப்பாவுக்குக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் திறங்கள். பணம் முட்டை, பருப்புக்கு.