நாய்க்குக் கருத்தடை: ஊசி போதுமா, அறுவை வேண்டுமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைப் பெண் நாய்க்கு ஒன்றரை வயது. போன மாதம் பருவத்துக்கு வந்தபோது வாசலில் ஊர் நாய்களெல்லாம் கூடிவிட்டன. அறுவை செய்வது பாவம், அவ்வப்போது ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். குழாயை மட்டும் கட்டிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். எதைச் செய்வது? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்த ஊசியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன். பருவத்தைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, சீழ் கோக்க வழி செய்துவிடும். மடியில் கட்டியும் சர்க்கரை நோயும் வரலாம்.

கருப்பையில் சீழ் கோத்த நாய் சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராது. வயிறு மட்டும் உப்பும். சினையாக இருக்கிறது என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். வயிற்றைத் திறந்தால், பென்சில் தடிமன்கூட இல்லாதிருக்க வேண்டிய கருப்பை குடல்போல் வீங்கிக் கிடக்கும். அறுவைக்குப் பயந்து ஊசி போட்ட நாய்க்கு, உயிருக்குப் போராடும் நேரத்தில் அதே அறுவையைச் செய்யவேண்டி வருகிறது. அதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது.

குழாயைக் கட்டினால் குட்டி பிறக்காது, அவ்வளவுதான். பருவம் வரும், ஊர் நாய்கள் வரும், சீழ் அபாயமும் அப்படியே இருக்கும். மயக்கமும் தையலும் அதற்கும் உண்டு. ஆண் நாயாக இருந்தால், தோலடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்தைப் பற்றி யோசிக்கலாம். ஆறு மாதமோ ஓராண்டோ பலன் தரும். உங்கள் நாய்க்குச் சினைப்பைகளை நீக்குவதே நல்லது. கருப்பையையும் சேர்த்து எடுப்பதா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். ஒரு முறையாவது குட்டி போடட்டும் என்று காத்திருப்பதால் நாயின் உடல்நலத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

அறுவையிலும் குறை உண்டு. எடை கூடும், தீனியைக் குறைக்க வேண்டும். சில நாய்களுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது.

போன மாதம் இணை சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாததால், முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சினை இல்லையென்றால், பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து அறுவை செய்யலாம். இப்போது ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும். மதுரை தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

மருத்துவரிடம் ‘சிப்பிப்பாறை’ என்று மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்பில்லாத வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் தெளிய வெகுநேரம் ஆகும். அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். உடல் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும். மதுரை வெயில்தானே என்று இருந்துவிடாமல், மயக்கம் தெளியும்வரை போர்வை போர்த்துங்கள். தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை, தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைக் கழற்றாதீர்கள். ஓடப் பிறந்த இனம் என்பதால் சங்கிலியில்லாமல் வெளியே விடவும் வேண்டாம். தையல் இடத்தில் வீக்கமோ கசிவோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.