முழு வாழ்க்கையையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேலையை விட வேண்டுமா?

கேள்வி: "கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். வாழ்க்கை முழுவதையும் ஆராதனையாகத் தேவனுக்கு ஒப்புக்கொடுங்கள் என்று போதகர் சொன்னார். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகத்தான் வேண்டுமா?"

தேவையில்லை. ரோமர் 12:1 கேட்பது உங்கள் சரீரத்தை, ராஜினாமாக் கடிதத்தை அல்ல. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கண்ணீரோடு கை தூக்கியிருப்பீர்கள், தைப்பொங்கலுக்குள் சூடு ஆறியிருக்கும், அந்த உறுத்தலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எல்லாம் உமக்கே" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால், எதைக் கொடுத்தோம் என்று நமக்கே தெரியாது. சூடு ஆறுவது அதனால்தான்.

லேவியராகமம் 1-ஐ எடுத்துப் பாருங்கள். சர்வாங்க தகனபலி முழுவதுமே எரிய வேண்டிய பலி. ஆனாலும் மிருகத்தை அப்படியே தூக்கி நெருப்பில் போடவில்லை. தோலுரித்து, துண்டு துண்டாக வெட்டி, குடல்களையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவிய பிறகுதான் எரித்தார்கள். அழுக்கு சேருகிற இடத்துக்குத்தான் தண்ணீர். கணக்கெழுதுகிறவருக்கு அந்த இடம் காசு வைக்கிற லாச்சியும் லெட்ஜரும்.

ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தொடங்குங்கள். 60,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியரிடம் 8 வீதம், 4,800. முதலாளி தன் பங்காக 12 வீதம், 7,200. ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 1,800, அதுவும் முதலாளியுடையது. பிசகு நடப்பது இரண்டு இடத்தில். ஊழியரிடம் 8 வீதத்தை வெட்டிவிட்டு அடுத்த மாத முடிவுக்குள் கட்டாமல் கடைச் செலவுக்குப் புரட்டுவது ஒன்று. சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தைப் புத்தகத்துக்கு வெளியே கையில் கொடுப்பது மற்றது. இதைச் செய்துகொண்டே தசமபாகம் சரியாகக் கொடுக்கிற கடைகள் உண்டு. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற யாக்கோபு 5:4-ஐ அவர்கள் கடை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் கூலி உபாகமம் 24:15-இன்படி பொழுது சாயுமுன் கையில் போக வேண்டும், "நாளைக்கு வா" கிடையாது.

முதலாளி நீங்கள் இல்லை, தெரியும். தனியாக இருக்கும்போது தொகையோடு எடுத்துச் சொல்லுங்கள். பொய்க் கணக்கில் உங்கள் கையெழுத்து விழ வேண்டாம். உங்கள் கையால் யாருக்காவது குறைந்திருந்தால் லேவியராகமம் 6:5 கணக்குச் சொல்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு. 10,000 என்றால் 12,000. அதை உரியவரிடம் கொடுக்க வேண்டும், காணிக்கைப் பெட்டியில் அல்ல.

தினமும் என்ன செய்வது? லேவியராகமம் 6-இல் ஆசாரியன் காலையில் முதலில் சாம்பலை அள்ளுகிறான், பிறகுதான் விறகு. பஸ் ஏறுமுன் ஐந்து நிமிடம் போதும். நேற்று யாரிடம் எரிந்து விழுந்தோம், எதை மறைத்தோம் என்று பெயரோடு அறிக்கையிடுங்கள். பிறகு இன்றைய வேலையில் ஒன்றே ஒன்றை எடுங்கள்: அந்தக் கடன்காரருக்கு எடுக்க வேண்டிய போன் கோல், அந்தப் பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய இன்வொய்ஸ். பத்தை எடுத்தால் ஒன்பது மறந்துபோகும். காளைக்குப் பதில் புறாக்குஞ்சும் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் முதலாம் அதிகாரம் சொல்கிறது; பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கமில்லை என்கிற நாளில் அந்த அளவு போதும்.

"கிரியையினால் இரட்சிப்பா?" என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, ரோமர் நிருபத்தில் பவுல் 11 அதிகாரம் தேவனுடைய இரக்கத்தை எழுதிவிட்டுத்தான் 12-க்கு வருகிறார். பெற்றதற்கு நன்றி இது, பெறுவதற்கு விலை அல்ல. பாட்டும் கீபோர்டும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அடுத்த வீட்டு கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டு ஆராதனைக்குள் போய் "என்னையே தந்தேன்" என்று பாடுகிறவர்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அடுத்த வீட்டு மனுஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால்?

முழுநேர ஊழியத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. கூடாரத் தொழில் செய்த பவுல்தான் அதையும் எழுதினார். அழைப்பு உண்டென்றால் சபை மூப்பர்களோடும் வீட்டாரோடும் பேசுங்கள். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதால் வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கடையை விடுவதானால் லாச்சியை எண்ணி, கடன் புத்தகத்தை அடுத்தவரிடம் வரிவரியாக விளங்கப்படுத்தி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.