அரையாண்டு லீவில் 'இலக்கு வைத்துப் படிப்பது' என்றால் என்ன?

பிளஸ் டூ மாணவருக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் லீவு ஏறக்குறைய 10 நாள். 'இந்த லீவில் பிசிக்ஸ் நல்லாப் படிக்கணும்' என்பது ஆசை. எதை, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் சொன்னால்தான் இலக்கு: 'நாளை காலை 7 மணிக்கு நிலைமின்னியலில் மூன்று 5 மார்க் கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதுவேன்.'

ஏன் இப்படி? வெறும் ஆசையோடு உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தினமும் புதிதாக யோசிக்க வேண்டும். அந்த இடைவெளியில் கை போனுக்குப் போய்விடும். மளிகைக் கடையில் 'சமையலுக்கு ஏதாவது கொடுங்க' என்றால் அண்ணாச்சி முழிப்பார். 'கால் கிலோ துவரம்பருப்பு' என்றால் பொட்டலம் உடனே கைக்கு வரும்.

எங்கே தொடங்குவது? திருத்திய விடைத்தாள் இன்னும் வராவிட்டாலும் கேள்வித்தாள் கையில் இருக்கிறதே! எழுதாமல் விட்டதையும், கதை அளந்து பக்கத்தை நிரப்பியதையும் சுழித்து வையுங்கள். (எது கதை என்று உங்களுக்கே தெரியும்.) நிலைமின்னியல் பாடத்தில் வரும் வான் டி கிராப் மின்னியற்றிக்குப் (மிக அதிக மின்னழுத்தம் உண்டாக்கும் கருவி) படம் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்திருந்தால் அதற்கும் ஒரு சுழி. அதுதான் பட்டியல்.

படித்தது முதல் ஓரிரு நாளில்தான் வேகமாக மறக்கும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்துச் சொன்னது இது. ஆகவே திங்களன்று எழுதியதைப் புதனும் சனியும் மறுபடி எழுதுங்கள்.

காலை முதல் இரவு வரை அட்டவணையை நிரப்புவதுதான் இலக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, குறித்த மூன்று கேள்விகளை முடித்துவிட்டால் மத்தியானம் தாராளமாகக் கிரிக்கெட் ஆடப் போகலாம்.