தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: அரசுப் பள்ளியும் பெற்றோரும்

இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கழிந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீட் பயிற்சி நிலையம், சி.பி.எஸ்.இ. சேர்க்கை பற்றியெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம்.

செஞ்சியிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை வீட்டில் கடகடவென்று படிக்கிறான். ஆனால் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னால் விழிக்கிறான். ஆசிரியையிடம் கேட்டால் "நன்றாகத்தான் படிக்கிறான்" என்கிறார். யாரை நம்புவது?

அம்மா, கடைப் பலகையை நம்புங்கள். உங்கள் மகன் படிக்கவில்லை, ஒப்பிக்கிறான். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் முழுவதும் காதில் ஏறிவிடும். விரல் வரியின் மேல் ஓடும், கண் எங்கோ இருக்கும்.

இன்று மாலை ஒன்று செய்யுங்கள். இன்னும் நடத்தாத பாடம் ஒன்றைத் திறந்து, கடைசி வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ண, ன குழம்பினால் கவலை வேண்டாம், பெரியவர்களுக்கே குழம்புகிறது. கெ, கே, கை, கொ, கோ வரும் இடங்களில் நின்றால்தான் அடிப்படையில் ஓட்டை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. குழந்தை இடமிருந்து வலமாகக் கூட்டிப் படிக்கும்போது இந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் காட்டியிருந்தால் பத்து நாளில் தீர்ந்திருக்கும்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். "என் மகன் படிக்கவில்லை" என்று பேச்சைத் தொடங்கினால் ஆசிரியை தற்காப்புக்குப் போய்விடுவார். "எண்ணும் எழுத்தும் கணக்குப்படி இவன் அரும்பா, மொட்டா, மலரா?" என்று கேளுங்கள். அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று அரசு 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய இத்திட்டம் அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. வகுப்பு எதுவானாலும் குழந்தையின் நிலையைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றில் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் மகன் எதில் இருக்கிறான் என்பது ஆசிரியைக்குத் தெரியும். இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை அவர் மறக்க மாட்டார்.

இன்னொன்று: மகன் காதுபட ஆசிரியையைத் திட்டாதீர்கள். நாளைக் காலை அவன் அவர் எதிரில்தான் போய் உட்கார வேண்டும்.

ஆட்டோ ஓட்டுநர், ஆரணி: தனியார் பள்ளியில் 18,000 ரூபாய் பாக்கி. கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள். மகளை ஏழாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

டி.சி. இல்லாமலே சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு (இனி நான் பிரிவு என்று சொல்வதெல்லாம் இந்தச் சட்டத்தில்தான்): மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது, கட்டணப் பாக்கி என்று டி.சி.யில் எழுதவும் கூடாது. பாக்கி உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான விவகாரம். குழந்தையை அடகு வைக்க முடியாது.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

வந்தவாசி: ஐயா, டி.சி. தர மறுக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு.

மேலே ஆரணி அன்பருக்குச் சொன்னதுதான்.

போளூர் பக்கத்துக் கிராமம், பெயர் வேண்டாம் என்கிறார்: எங்கள் தொடக்கப் பள்ளியில் 41 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். எப்போது போனாலும் ஒருவர் இல்லை. கேட்டால் பயிற்சி, கூட்டம், எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் இணையப் பதிவேடு) என்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களா?

கோபம் நியாயமானது. ஆள்தான் மாறிவிட்டது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர். வகுப்பு எத்தனை என்ற பேச்சே அதில் இல்லை. ஆக, ஐந்து வகுப்புக்கு இருவர் என்பது சட்டப்படி சரி. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போகும் நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, காலை உணவைப் பார்த்து, மதியச் சத்துணவைப் பார்த்து, வருகைப் பதிவைச் செல்பேசியில் ஏற்றி, இடையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு "அ" போடச் சொல்லித்தர வேண்டும். 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பதிவேடு, புள்ளிவிவரம், புகைப்படம் ஏற்றுவது எல்லாம் "பள்ளிப் பணி" என்ற பெயரில் வந்துவிடுகிறது. அதற்கு எந்தப் பிரிவும் தடை போடவில்லை.

அடுத்து நடப்பதையும் சொல்கிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் கணக்கிடுவார்கள். "ஆசிரியரே இல்லை" என்று நான்கு பேர் பிள்ளைகளை வேன் வரும் பள்ளிக்கு மாற்றினால் எண்ணிக்கை குறையும். குறைந்துகொண்டே போனால் பணியிடத்துக்கும் ஆபத்து. மிச்சமிருக்கும் பெற்றோரும் வேனைப் பார்ப்பார்கள். இப்படிக் காலியான பள்ளிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பல ஊர்களில் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான் கூட்டம். நீங்கள் போய் உட்காருங்கள். இந்த மாதம் எத்தனை வேலை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார் என்று தேதி வாரியாக எழுதி, தீர்மானமாகப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பணியிடமே காலியாக இருந்தால் வழி வேறு. 2022இல் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு அப்போது 7,500 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். வந்தார்கள், நன்றாகவும் சொல்லிக்கொடுத்தார்கள், அது நமக்குப் பெருமையான விஷயம் இல்லை.

எழுத்தில் கொடுங்கள். நகலில் கையெழுத்து.

திருப்பூர்: பக்கத்து வீட்டில் பீகார் குடும்பம். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். 14ஆம் பிரிவு: வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. நீங்களும் கூடப் போனால் நல்லது, மொழி உதவும்.

கள்ளக்குறிச்சி: காலை உணவு சமைப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள பெற்றோருக்கு உரிமை இல்லையா?

உணவு சுத்தமா, சூடாக இருக்கிறதா என்று பார்க்க உரிமை உண்டு. காலையிலேயே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்பது அது இல்லை என்று எனக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் இதே சாதிப் பேச்சு எழுந்து, ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. அடுத்த கேள்வி.

ஆசிரியர் ஒருவர்: மாறுதல் கலந்தாய்வில் என் முன்னுரிமை...

உங்கள் சங்கத்தைக் கேளுங்கள் தம்பி. இது பெற்றோருக்கான இடம்.

வங்கி ஊழியர், வேலூர்: சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை ஏன் அரசுப் பள்ளியில் சேர்ப்பதில்லை? சமையல்காரரே சாப்பிடாத ஓட்டலில் எங்களை மட்டும் சாப்பிடச் சொல்கிறீர்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, மூத்தவன் அரசு உதவி பெறும் பள்ளி, இளையவள் நான் வேலை பார்த்த பள்ளியிலேயே. இனி மற்றவர்கள் பேசட்டும்.

பட்டதாரி ஆசிரியை, செய்யாறு: நான் காலை 7.40 பஸ்ஸில் ஏறினால்தான் 9 மணிக்குப் பள்ளி. யூ.கே.ஜி. பையனை அந்தப் பஸ்ஸில் தொங்க வைத்துக் கூட்டிப் போக முடியுமா? வங்கி ஊழியர்கள் எல்லோரும் தங்கள் வங்கியில்தான் கடன் வாங்குகிறார்களா?

வேலூர் மீண்டும்: உங்கள் பள்ளிக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லையே அம்மா. உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஓர் அரசுப் பள்ளி இருக்குமே?

செய்யாறு: இருக்கிறது. அங்கே எல்.கே.ஜி. இல்லை. மூன்று வயதில் தனியாரில் சேர்த்த குழந்தையை ஐந்து வயதில் நண்பர்களிடமிருந்து பிரித்து எடுத்துவர மனம் வரவில்லை. என்னை விடுங்கள், எத்தனை பெற்றோர் எடுத்துவந்தார்கள்?

விவசாயி, கலசபாக்கம்: யார் பிள்ளை எங்கே படித்தால் எனக்கென்ன? என் மகள் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து கணக்கு ஆசிரியர் இல்லை. அதைப் பேசுங்கள்.

கலசபாக்கத்துக்காரர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் வேலூர்க்காரரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குவோர் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அது ஏட்டோடு நின்றுவிட்டது. உத்தரவு போட்டு இழுத்து வருவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. 2011இல் ஈரோடு ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் யாரும் சொல்லாமலே தன் மகளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். அப்படிச் சிலர் எப்போதும் இருக்கிறார்கள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் மாணவியர் கழிப்பறைக் குழாய் உடைந்து வெகுகாலம் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சக ஆசிரியை ஒருவர் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தார். மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறாள் என்று கண்டுபிடித்தார். அந்த மாதமே ஊராட்சி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து குழாயை மாற்ற வைத்தார். அதற்கு முன்பும் அவர் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தார். வேலூர்க்காரரின் கேள்விக்கு இருக்கும் வலு இதுதான். இந்த வலு ஆசிரியருக்கு மட்டும் சொந்தமில்லை. வாயுள்ள, படித்த, அலுவலகப் படி ஏறத் தெரிந்த பெற்றோர் வெளியேறிவிட்ட பள்ளியில் குழாய் உடைந்தே கிடக்கும். உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறான் வேலூர்க்காரரே?

வேலூர்: தனியார்தான்.

சரி.

கலசபாக்கத்துக்கு: போளூருக்குச் சொன்ன தீர்மானத்தை உங்கள் பள்ளியிலும் போடுங்கள். உயர்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு, நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. 14417 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

திருக்கோவிலூர்: டி.சி. விஷயமாக...

ஐயா, மேலே ஆரணி. இனி டி.சி. கேள்விகளுக்குப் பதில் இல்லை.

மயிலம்: மகன் தனியாரில் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது. 2020 சட்டப்படி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு: கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே யோசியுங்கள். அதற்காக மட்டும் வராதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. வந்தால் போதும், காரணம் எதுவாகவும் இருக்கட்டும்.

செங்கம்: வகுப்பாசிரியர் மாலையில் தன் வீட்டு டியூஷனுக்கு வரச் சொல்கிறார். போகாதவர்களுக்கு மதிப்பெண் குறைகிறது.

28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. தலைமையாசிரியருக்கு எழுத்தில். நகலில் கையெழுத்து. எனக்கே அலுத்துவிட்டது, ஆனால் வேறு மருந்து இல்லை.

பெயர் சொல்லாத தந்தை: மகளை ஸ்கேலால் அடித்திருக்கிறார்கள். கையில் தழும்பு. புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களோ என்று மனைவி பயப்படுகிறாள்.

முதலில் கையைப் புகைப்படம் எடுங்கள், மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். 17ஆம் பிரிவின்படி உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் தடை, ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். மூடி மறைக்கப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098. "அந்தக் காலத்தில் நாங்கள் அடி வாங்காமலா படித்தோம்" என்று ஊர்ப் பெரியவர் சமாதானம் பேச வருவார். உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவலூர்ப்பேட்டை, பூ வியாபாரம் செய்யும் தாய்: எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்குக் குறை இல்லை ஐயா. திக்கிப் பேசும் என் பெண்ணை இரண்டாம் வகுப்பு டீச்சர் ஆண்டுவிழாவில் மேடையேற்றிப் பேச வைத்துவிட்டார். அவருக்கு ஒரு புடவை வாங்கித் தரலாமா?

வேண்டாம் அம்மா. அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசுப் பொருளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, அவருக்குச் சங்கடம். அதைவிட, நாளைக்குப் புடவை வாங்கித் தர முடியாத இன்னொரு தாய் உங்களைப் பார்த்துக் கூசிப்போவார்.

கடிதம் எழுதுங்கள். புகார்க் கடிதம் கோப்பில் எத்தனை வருடமானாலும் இருக்கும். நல்ல ஆசிரியரைப் பற்றி அதே கோப்பில் ஒரு வரி இருக்காது. யாரும் எழுதியதில்லை என்பதுதான் காரணம். வாயால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

அவலூர்ப்பேட்டை: எனக்கு எழுத வராதே ஐயா.

மகளை விட்டு எழுதச் சொல்லுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். தேதி, பள்ளியின் பெயர், வகுப்பு, டீச்சர் பெயர். "என் மகள் பேசத் தயங்குவாள். இவர் தினமும் வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திப் பேச வைத்தார். ஆண்டுவிழாவில் பேசினாள்." இவ்வளவு போதும். கீழே உங்கள் கையெழுத்து. தலைமையாசிரியருக்கு ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தபாலில் ஒன்று. டீச்சரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

இதற்கும் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.