ஏழு மாதத்தை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள்

கேள்வி: சுவிஸில் பேர்ன் மாநிலத்தில் இருக்கிறோம். மகளுக்கு 20 வயது. மத்தூரா (பல்கலைக்கழகம் போவதற்கான பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டாள், பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. 15 வயதிலிருந்து சைக்கிள் கிளப்பில் ஓடுகிறாள். இப்போது ஒரு சின்ன கொன்டினென்டல் டீம் (மேல்மட்டத்துக்குக் கீழே உள்ள போட்டி டீம்) அவளைக் கேட்டிருக்கிறது. சம்பளம் இல்லை, சைக்கிள், உடுப்பு, பயணச் செலவு தருவார்களாம். படிப்பை ஒரு வருடம் தள்ளிவைக்கிறேன் என்கிறாள். கணவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவளுடைய சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுத்து 350 பேரைக் கூப்பிட்டுச் செய்தோம். அன்று வந்து வாழ்த்திய அதே சனம் இன்று, "பொம்பிளைப் பிள்ளையை ரோட்டில் விட்டிருக்கிறீர்களே" என்று கேட்கிறது. விழுந்து எதையாவது முறித்துக்கொண்டால் யார் கல்யாணம் கட்டுவார்கள்? சாப்பாட்டிலும் மாறிவிட்டாள். சோறு தொடுவதில்லை, எல்லாம் தராசில் நிறுத்துத்தான். ஏழு மாதமாக மாதவிலக்கும் வரவில்லையாம், கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படித்தான், வசதியும்கூட என்கிறாள். இந்தத் தொழிலில் எதிர்காலம் உண்டா? அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– ஒரு தாய், சுவிஸ் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

தங்கச்சி, நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். சனத்துக்கு ஒரு பக்கம் போயிருக்கிறது, கணவரின் கோபத்துக்கு ஒரு பக்கம், படிப்புக்கும் கல்யாணத்துக்கும் மிச்சம். ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பது மட்டும் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன், சிலதுக்கு வரவே மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு முதல் முறை வந்தபோது என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மண்டபம், பட்டுச்சேலை, ஆலாத்தி, படம் பிடிக்க ஆள். அதெல்லாம் பிறகு. முதல் நாளே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்திருப்பீர்கள், உளுத்தங்களி கிண்டியிருப்பீர்கள், "இடுப்பெலும்பு பலப்படவேணும்" என்று உங்கள் அம்மா ஊரிலிருந்து போனில் சொல்லியிருப்பார். வந்ததை 350 பேருக்குச் சொன்னீர்கள். நின்று ஏழு மாதம், ஒரு வைத்தியருக்குச் சொல்லவில்லை.

அவள் சொன்னதை நம்பிவிட்டீர்கள். அது பொய்யென்று நான் சொல்லவில்லை, அந்த வட்டாரத்தில் அப்படித்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் கடும் பயிற்சியால் மட்டும் மாதவிலக்கு நிற்பதில்லை. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாதபோதுதான் பெரும்பாலும் நிற்கிறது. உள்ளே வருவது போதவில்லை என்று கண்டவுடன் மூளை எதை நிறுத்தலாம் என்று பார்க்கிறது, உயிர் வாழ அவசரமில்லாததை முதலில் நிறுத்துகிறது. சூலகம் ஓய்ந்துபோகிறது, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைகிறது, அது குறைந்தால் எலும்பு மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு 'ரெட்-எஸ்' (விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை) என்று பெயரே வைத்துவிட்டது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே வைத்தியரிடம் போக வேண்டும். உங்கள் மகள் அந்தக் கணக்கை இரண்டு தடவை தாண்டிவிட்டாள்.

நீங்கள் விழுவதைப் பற்றிக் கேட்டீர்கள். விழத்தான் செய்வார்கள், அதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 2024 செப்டம்பரில் உங்கள் சூரிச்சில் நடந்த உலகப் போட்டியில் 18 வயதுச் சுவிஸ் பிள்ளை ஒருத்தி விழுந்து இறந்துபோனாள், அந்தச் செய்தி வந்த இரவு நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் ஆனமீக் வான் ஃப்ளூட்டன் இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் மூன்று இடத்தில் வெடிப்பு. மழை, இறக்கம், முன்னால் போகிறவள் பிரேக் பிடிப்பது, இதில் எதுவும் உங்கள் கையில் இல்லை. ஆனால் அவள் விழுகிற அன்று எந்த எலும்போடு விழப்போகிறாள் என்பது உங்கள் சமையலறையில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறவர்களுக்கும் குதிக்கிறவர்களுக்கும் நிலத்தில் கால் அடிக்கிற அடியில் எலும்பு உறுதிப்படும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அடி கிடையாது, அதனால் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது வழக்கம். அதுக்கு மேல் இந்த ஏழு மாதம். இருபது வயது எலும்பு இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிற வயது, இப்போது இழந்தால் பின்னால் முழுதாகத் திரும்பி வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

அந்தத் தராசு யாருடையது? நீங்கள் கேக் போட வாங்கி வைத்த தராசாகத்தான் இருக்கும். அவள் அதில் கோழித் துண்டை வைத்து, ஒரு நுனியை வெட்டி எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பதை நீங்கள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

அவள் ஒதுக்கிவைக்கிற சோற்றைப் பற்றியும் கேளுங்கள். பெரிய டீம்களின் பஸ்ஸில் சோறு வேகிற குக்கர் இருக்கும். ஓட்டம் முடிந்து இறங்கியதும் கிண்ணத்தில் சோறு கொடுப்பார்கள், ஓட்டத்தின் நடுவில் சட்டைப் பைக்குள் சோற்றைக் கட்டியாக்கித் தாளில் சுற்றி வைத்துத் தின்கிறார்கள். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது அங்கே சாதாரணக் கணக்கு. 90 கிராம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கோப்பைச் சோறு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. நம் வீட்டுச் சோறு அவளை மெதுவாக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, அவர்களை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

மலை ஏறுவதற்கு எடை குறைய வேண்டும் என்பது உண்மைதான், அதை மறைத்து உங்கள் மகளோடு பேசினால் அவள் அந்த நிமிடமே எழுந்து போய்விடுவாள். 2025இல் பெண்களின் டூர் டி பிரான்ஸை வென்ற பொலின் ஃபெரான்-பிரெவோ அதற்காக எடை குறைத்ததை அவரே சொன்னார், அது எப்போதும் வைத்திருக்கக்கூடிய உடல் இல்லை என்றும் அவரே சொன்னார். இளம் பெண்கள் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. உங்கள் வீட்டில் ஒருத்தி கற்றுக்கொண்டிருக்கிறாள். 33 வயதில், டீம் வைத்தியரோடு, ஒரு போட்டிக்காகச் செய்வது வேறு. இருபது வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்வது வேறு.

சரி, தொழிலுக்கு வருகிறேன். பணம் குறைவு. பெண்களின் முதல் பாரிஸ்-ரூபே, பிரான்ஸின் பேர்பெற்ற ஒருநாள் சைக்கிள் ஓட்டம், 2021இல்தான் நடந்தது, வென்ற லிஸி டெய்க்னனுக்குப் பரிசு 1,535 யூரோ, ஆண்களுக்கு 30,000. மேல்மட்ட டீம்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற விதியே 2020இல்தான் வந்தது, அப்போது வருடத்துக்கு 15,000 யூரோ, 2023இல் 32,102. கொன்டினென்டல் டீமுக்கு அந்த விதி கிடையாது, ஆகவே உங்கள் மகள் சொன்ன "சைக்கிளும் உடுப்பும்" பொய் இல்லை, நிலவரமே அதுதான். ஆனாலும் ஒரு வருடம் போனால் எல்லாம் போச்சு என்று நீங்கள் அழுவது சரியில்லை. ரியோவில் விழுந்தாரே அந்த வான் ஃப்ளூட்டன், 2022இல் டூர் டி பிரான்ஸை வென்றபோது அவருக்கு 39 வயது. உங்கள் பேர்ன் மாநிலத்துப் பெண் மார்லன் ரொய்ஸர் மருத்துவம் படித்து முடித்து, வைத்தியராக வேலையும் பார்த்துவிட்டுத்தான் முழுநேரமாகச் சைக்கிளுக்கு வந்தார். 2024இல் கொரோனாவுக்குப் பிந்திய நோயால் உடம்பு ஒத்துழைக்காமல் பாரிஸ் ஒலிம்பிக்கையே விட்டுவிட்டார். அடுத்த வருடம் ருவாண்டாவின் கிகாலியில், 34 வயது நிறைந்த மறுநாள், தனிநபர் நேர ஓட்டத்தில் உலகச் சாம்பியன். இதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்கு ரொய்ஸரை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், ஒலிம்பிக்கை விட்டுக்கொடுத்ததை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகளோடு பேசாமல் இருப்பது கண்டிப்பு ஆகாது தம்பி, கடமையைக் கைவிடுவது. பிள்ளை சுகமில்லாமல் இருக்கும்போது அப்பாவுக்குக் கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது. 18 வயதுக்கு மேல் அவரவர் உடம்பு அவரவர் விஷயம் என்று அந்த நாட்டில் சொல்வார்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்வேன், ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிடுகிற பிள்ளை விஷயத்தில் நான் அதை ஏற்பதில்லை. அவள் டீமில் சேரலாமா என்பது அவளுடைய முடிவு. அவளை வைத்தியரிடம் கூட்டிப்போவது உங்கள் இருவருடைய வேலை.

திங்கட்கிழமை காலை குடும்ப வைத்தியருக்குப் போன் பண்ணுங்கள். கர்ப்பம், தைரொயிட், புரோலக்டின் என்கிற ஹார்மோன், இவற்றையெல்லாம் முதலில் பார்த்து விலக்குவார்கள், வெட்கப்படாமல் பதில் சொல்லட்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மாத்திரை கொடுத்து இரத்தம் வரவைத்தால் சரியாகிவிட்டது என்று வந்துவிடாதீர்கள், அந்த இரத்தம் மாத்திரையால் வருவது, பசியில் கிடக்கிற உடம்பு அப்படியேதான் இருக்கும். விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரைப் பார்க்க வேண்டுமென்றால் பீல் நகரத்துக்கு மேலே மாக்லிங்கனில் இருக்கிற தேசிய விளையாட்டு மையம் உங்களுக்குப் பக்கத்தில்தான். அந்த டீமிடமும் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் வைத்தியர் யார், பிள்ளைகளை எடை பார்ப்பது யார், எதற்காக. பதில் வருகிற வரைக்கும் கையெழுத்து வேண்டாம்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். இதைச் சாக்காக வைத்துச் சைக்கிளை நிறுத்தப் பார்த்தீர்களோ, அடுத்த முறை உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். இந்த முறை சொன்னாளே. வசதி என்றுதான் சொன்னாள், ஆனாலும் அம்மாவிடம் வந்து சொன்னாள்.

மூன்று கிழமையில் எனக்கு மறுபடி எழுதுங்கள். வைத்தியர் சொன்னது முதல் வரியில் இருக்கட்டும்.